களைச்செடியில் எழுந்த களிறுகள்

(திருவெண்ணெய்நல்லூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இறைவன் வழக்காடிச் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட ஊர் திருவெண்ணெய்நல்லூர். மெய்கண்டாரின் ஊர். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர். இங்கே மேடை ஏறுகிறவர்கள் பக்தியைப் பேசுவார்கள், தமிழைப் பேசுவார்கள், வள்ளல்களைப் பேசுவார்கள். இன்றைய பேச்சின் பொருள் வேறு. வேண்டாம் என்று வெட்டிப் போட்டதிலிருந்தும் வீசி எறிந்ததிலிருந்தும் எழுந்து நிற்கிற விலங்குகளைப் பற்றியது இந்தப் பேச்சு. அவற்றைச் செய்த கைகளைப் பற்றியது. அந்தக் கைகளில் பல, நம் தமிழ்நாட்டுக் கைகள்.

2024ஆம் ஆண்டு, செப்டம்பர் மாதம், நியூயார்க் நகரம். மன்ஹாட்டனின் மேற்கு ஓரத்தில் ஒரு பகுதி உண்டு. ஒரு காலத்தில் இறைச்சி வெட்டிப் பொதிந்து அனுப்பிய தெருக்கள். இன்று துணிக்கடைகளும் உணவகங்களும் நிறைந்த தெருக்கள். அந்தத் தெருக்களில் யானைகள் நின்றன. ஒன்றல்ல, இரண்டல்ல, நூறு யானைகள்! கொம்பன் நின்றது, பிடி நின்றது, தாயின் வயிற்றை ஒட்டிக் குட்டி நின்றது. எல்லாம் நிஜ யானையின் அளவு. அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி வைப்பார்களே, அப்படிக் கயிறு எதுவும் இல்லை. போகிறவர் வருகிறவர் தொட்டுப் பார்க்கலாம். தும்பிக்கையை வருடலாம். குழந்தைகள் கால்களுக்கு நடுவே புகுந்து வந்தார்கள்.

எதில் செய்த யானைகள் அவை? வெண்கலமா? கருங்கல்லா? பர்மா தேக்கா? எதுவும் இல்லை. உண்ணிச்செடி! ஆம், நம் மலைச்சரிவிலும் ஓடைக்கரையிலும் மண்டிக் கிடக்கிறதே, ஆரஞ்சும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னப் பூங்கொத்து விடுமே, இலையைக் கசக்கினால் குப்பென்று வாடை அடிக்குமே, அதே உண்ணிச்செடி. செய்த இடம் எது? நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டாரமும் அதைச் சுற்றிய காடுகளும். செய்தவர்கள் யார்? பெட்டகுறும்பர், காட்டுநாயக்கர், பணியர், சோளிகர் என்னும் பழங்குடி மக்கள், ஏறத்தாழ 200 பேர். ஐந்து ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய மந்தை அது.

இந்த உண்ணிச்செடி யார் வீட்டுப் பிள்ளை? நம் மண்ணின் செடியே கிடையாது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. பூ அழகு, வேலிக்கு ஆகும் என்று வைத்தார்கள். அது வேலியோடு நிற்கவில்லை. கருநீலப் பழத்தைப் பறவைகள் தின்றன, விதையைக் காடெங்கும் போட்டன. மாடும் ஆடும் இலையை ஒதுக்கிவிடும், தின்றால் நஞ்சு. ஆகவே மேய்ச்சலால் அதைக் கட்டுப்படுத்த வழியில்லை. இன்று இந்தியாவில் புலிகள் உலவும் காடுகளில் ஐந்தில் இரண்டு பங்கு நிலத்தில் அது பரவிக் கிடப்பதாக 2020இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு புதர் படர்ந்தால் கீழே புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மான் இல்லை. மான் இல்லாவிட்டால் புலி எங்கே போகும்? நாளொன்றுக்கு 150 கிலோ தீனி தேடுகிற யானை எங்கே போகும்? ஊருக்குள்தான் வரும்.

வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். மேலே வெட்டினால் அடியிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும் செடி இது. வேரோடு எடுக்க வேண்டும், எடுத்த இடத்தை ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டும். எடுத்த செடியை என்ன செய்வது? இங்கேதான் கலை உள்ளே வருகிறது!

கொஞ்சம் நெருங்கிப் போய் அந்தப் பட்டறையைப் பார்ப்போம். காட்டிலிருந்து வந்த தண்டுகளைத் தடிப்பு வேறு, மெலிசு வேறு என்று பிரிக்கிறார்கள். பெரிய தொட்டியில் நீரைக் கொதிக்க வைத்துத் தண்டுகளை வேகவிடுகிறார்கள். வெந்தால் பட்டை உரிந்து வரும், உள்ளே இருக்கும் தண்டு சொன்னபடி வளையும். இரும்புக் கம்பியால் யானையின் உருவத்தில் ஒரு கூடு தயாராக நிற்கிறது. ஈரமும் சூடும் ஆறுவதற்குள் தண்டை அந்தக் கூட்டின்மேல் வளைத்துப் பொருத்துகிறார்கள். ஒரு தண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தண்டு, இடைவெளி தெரியாமல். முதுகில் நீளமாக ஓடும் தண்டுகள் விலாவில் வளைந்து இறங்குகின்றன. தும்பிக்கையின் நுனிக்கு வரும்போது விரல் தடிமன்கூட இல்லாத குச்சிகள். கிட்டே நின்று பார்த்தால் குச்சி குச்சியாகத் தெரிவது, பத்தடி தள்ளி நின்றால் தோல் சுருக்கமாகத் தெரிகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த நூறும் பொதுவான யானைகள் இல்லை. ஒவ்வொரு சிற்பமும் கூடலூர்ப் பக்கம் உண்மையில் நடமாடுகிற ஒரு தனி யானையின் உருவம்! அந்தப் பகுதியில் மனிதரும் யானையும் சேர்ந்து வாழ்வதை ஆராய்ந்துவரும் தர்ஷ் தேக்கேகராவும், வடிவமைப்பாளர் சுப்ரா நாயரும், ‘எலிஃபென்ட் ஃபேமிலி’ அமைப்பைச் சேர்ந்த ரூத் கணேஷும் இந்த முயற்சிக்குப் பின்னால் நின்றவர்கள். முழு அளவில் யானை வரையப்பட்டது. ஆனால் அந்த வரைபடத்துக்கு உயிர் கொடுத்தது யார்? விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடக்கும்போது, தூரத்தில் தெரியும் முதுகைப் பார்த்தே இன்ன யானை என்று சொல்லக்கூடிய மக்கள். எந்த யானைக்குக் காது மடல் கிழிந்திருக்கிறது, எதற்கு வாலில் முடி இல்லை, எது கொம்பன், எது கொம்பில்லாத மோழை என்று அவர்களுக்குத் தெரியும். 2023இல் ஆஸ்கர் விருது வாங்கியதே ஓர் ஆவணப்படம், ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’, அதில் குட்டி யானையை வளர்க்கும் பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர்கள்தான். முதுமலை தெப்பக்காடு முகாமில் தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்கிறவர்கள் இந்த மக்கள்.

யானையின் முன்காலடித் தடத்தைச் சுற்றிக் கயிற்றை வைத்து அளந்து, அந்த நீளத்தை இரண்டு மடங்காக்கினால் யானையின் தோள் உயரம் வந்துவிடும். காட்டில் தடம் பார்க்கிறவர்கள் அறிந்த கணக்கு இது. இப்படிப்பட்ட அறிவு உள்ள கை, குச்சியை வளைத்தாலும் யானை நிற்கும். இந்த அறிவு இல்லாத கை, பொன்னிலே செய்தாலும் பொம்மைதான் நிற்கும்.

அந்த மந்தை நின்ற இடங்களைக் கேளுங்கள். 2021 கோடையில் லண்டன் மாநகரின் பூங்காக்களில் இதன் முன்னோடிக் கூட்டம் நின்றது. பிறகு 2024 ஜூலையில் அமெரிக்காவின் கடலோர நகரம் நியூபோர்ட். அங்கிருந்து நியூயார்க். டிசம்பரில் மயாமி கடற்கரையின் வெண்மணலில் நூறு யானைகள் கடலோரமாக வரிசை கட்டி நின்றன. 2025இல் ஹூஸ்டன் நகரப் பூங்கா. பிறகு மான்டானா மாநிலத்தில் பிளாக்ஃபீட் பழங்குடி மக்களின் நிலம். வெள்ளைக்காரர்களின் துப்பாக்கியால் ஏறக்குறைய அழிந்தே போன தங்கள் காட்டெருமைகளை மீண்டும் மலையடிவாரத்தில் உலவவிட்ட மக்கள் அவர்கள். நீலகிரிப் பழங்குடிகள் செய்த யானைகள், கடல் கடந்து இன்னொரு பழங்குடியின் புல்வெளியில் போய் நின்றன என்றால், இதைவிடப் பொருத்தமான கண்காட்சிக் கூடம் வேறு எது?

சிற்பங்கள் விலைக்கு விற்கப்படுகின்றன. அந்தப் பணம் மனிதரும் விலங்கும் மோதிக்கொள்ளாமல் வாழ உழைக்கும் அமைப்புகளுக்குப் போகிறது. செய்தவர்களுக்கு அவர்கள் ஊரிலேயே வேலையும் கூலியும் கிடைக்கிறது. மோதல் என்பது சிறிய சொல். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 பேர் யானையால் உயிரிழக்கிறார்கள். யானைகளும் மின்வேலியிலும் ரயிலிலும் அடிபட்டுச் சாகின்றன. 2025இல் வெளியான மரபணுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள காட்டு யானைகள் 22,446. நம் தமிழ்நாட்டில் 2024 கணக்குப்படி 3,063. கூடலூரில் யானைக்கு வழிவிட்டு வாழ்கிற மக்கள், அந்த யானையின் உருவத்தைச் செய்து உலகுக்கு அனுப்பினார்கள். அந்த நெஞ்சுக்கு முதலில் ஒரு வணக்கம் சொல்ல வேண்டும்.

தனி மனிதர் ஒருவரின் கதைக்கு வருவோம். நேக் சந்த் என்று ஒரு மனிதர். 1924இல் பிறந்தவர். நாடு துண்டானபோது ஊரை விட்டு இந்தப் பக்கம் வந்தவர். சண்டிகர் நகரத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. புது நகரத்துக்காகப் பழைய கிராமங்களை இடித்தார்கள். இடிபாட்டில் கிடந்த உடைந்த வளையல், பீங்கான் ஓடு, தேய்ந்த சைக்கிள் சாமான் எல்லாவற்றையும் அவர் பொறுக்கினார். பகலில் அரசாங்க வேலை. மாலையில் சைக்கிளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, யாரும் போகக்கூடாத அரசு வனப்பகுதிக்குள் ஒரு பள்ளத்தாக்குக்குப் போவார். அங்கே சிமென்ட்டைக் குழைத்து, வளையல் துண்டுகளைப் பதித்து, குரங்கும் பறவையும் மனிதருமாகப் படைத்துக்கொண்டே இருந்தார். 1957இல் தொடங்கிய அந்த ரகசியம் 1970களின் நடுவில்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. சட்டப்படி பார்த்தால் ஆக்கிரமிப்பு. இடித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் ஊர் மக்கள் திரண்டு பார்க்க வந்தார்கள். 1976இல் அது பாறைத் தோட்டம் என்று திறக்கப்பட்டது. அவரையே அதற்குப் பொறுப்பாளராக்கிச் சம்பளமும் 50 ஆட்களும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ. 2015இல் மறைந்தார். இன்றும் 40 ஏக்கரில் அந்தத் தோட்டம் நிற்கிறது. அங்கே ஒரு மூலையில் வரிசை வரிசையாக நிற்கும் உருவங்களின் உடலெல்லாம் கண்ணாடி வளையல். எந்தப் பெண்ணின் கையில் எந்தக் கல்யாணத்தில் குலுங்கிய வளையலோ!

வேண்டாததில் விலங்கைக் கண்டவர்கள் இன்னும் பலர் உண்டு. பிகாசோ 1942இல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து ஒரு காளைத் தலை செய்தார், இரண்டே பொருள். அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரையில் கரை ஒதுங்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, கழுவி, நிறம் வாரியாகப் பிரித்து, கடல் உயிர்களின் பெரிய பெரிய உருவங்களை 2010இல் ஏஞ்சலா ஹேசல்டைன் போஸி என்னும் பெண்மணி தன்னார்வலர்களோடு செய்யத் தொடங்கினார். டெல்லி சாணக்கியபுரியில் 2023இல் ஜி-20 நாடுகளின் தேசிய விலங்குகளையும் பறவைகளையும் பழைய இரும்பில் செய்து ஒரு பூங்காவே அமைத்தார்கள். சென்னையில் எழும்பூர் கவின் கலைக் கல்லூரி மாணவர்கள் காயலான் கடை இரும்பில் செய்த சிற்பங்களை மாநகராட்சி பொது இடங்களில் வைத்தது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பழைய இரும்பை ஒட்டி வைத்ததெல்லாம் கலையாகிவிடாது. பல நகரங்களில் நாற்சந்தியில் ஒரு சிங்கம் நிற்கும், ஒரு குதிரை நிற்கும். பல்சக்கரமும் செயினும் பேரிங்கும் தெரியும், சிங்கம் தெரியாது. திறப்பு விழா அன்று மாலை போடுவார்கள். அடுத்த மழைக்குத் துரு இறங்கும், அதற்கடுத்த ஆண்டு அதன் காலில் விளம்பரத் தட்டி கட்டுவார்கள். ஏன் இப்படி ஆகிறது? வெல்டிங் தெரிந்தவர் செய்தார், விலங்கு தெரிந்தவர் செய்யவில்லை. கூடலூர் யானைக்கும் அந்த நாற்சந்திச் சிங்கத்துக்கும் உள்ள தூரம் அதுதான். இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். சிற்பத்துக்கு எடுத்த பொருள், அந்த விலங்குக்கே கேடு செய்த பொருளா? உண்ணிச்செடியை எடுத்தால் யானைக்குப் புல் வரும். கடல் பிளாஸ்டிக்கை எடுத்தால் ஆமைக்கு உயிர் வரும். அப்போது கலை, விலங்குக்கு நேராகச் செய்யும் தொண்டாகிவிடுகிறது.

குப்பை விலங்குக்கு என்ன செய்யும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை இறந்தது. உடலைக் கூராய்வு செய்தபோது வயிற்றில் பிளாஸ்டிக். கருப்பையில் குட்டி. காட்டோரக் குப்பைமேட்டில் சோற்று வாசனைக்காகப் பையோடு விழுங்கிய பிளாஸ்டிக் அது. தாய்மார்களே, நாம் சாம்பாரை ஊற்றி, முடிச்சுப் போட்டு, வீசி எறிகிறோமே, அந்தப் பைதான்! 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்தான். சட்டம் இருக்கிறது. கடைத்தெருவில் பையும் இருக்கிறது.

சரி, நம் மாவட்டத்துக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டத்துக்கு இந்தக் கலை புதிதா? இல்லவே இல்லை! விழுப்புரத்துக்குப் பக்கத்தில் அய்யங்கோவில்பட்டு. விநாயகர் சதுர்த்திக்கு மாதங்கள் முன்னாலேயே அங்கே வீடுகளில் வேலை தொடங்கிவிடும். பழைய காகிதத்தை ஊறவைத்து, கூழாக அரைத்து, கிழங்கு மாவு சேர்த்துப் பிசைகிறார்கள். அச்சில் அப்பி, முன்பாதி தனியாக, பின்பாதி தனியாக எடுத்து வெயிலில் காயவைக்கிறார்கள். பிறகு இரண்டையும் ஒட்டி, வெள்ளை அடித்து, வண்ணம் தீட்டுகிறார்கள். ஆளுயரச் சிலையை இரண்டு பேர் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. மண்ணில் செய்தால் அந்த உயரம் நிற்காது. படித்து முடித்த செய்தித்தாளும் எழுதி முடித்த பரீட்சைத் தாளும் யானைத் தலையாகவும் மூஞ்சூறாகவும் ஆகின்றன. பண்ருட்டியிலும் விழுப்புரத்திலும் செய்யும் காகிதக்கூழ் கொலு பொம்மைகள் தமிழ்நாடு முழுக்கப் போகின்றன. மறுபயன்பாடு என்ற பேச்சு கிளம்புவதற்கு முன்பே கையால் அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் இவர்கள். நியூயார்க் யானையைப் பார்த்து வியக்கிற நாம், அய்யங்கோவில்பட்டுக் கைகளை எப்போது வியக்கப் போகிறோம்?

நீலகிரிக்கு உண்ணிச்செடி என்றால் நமக்குச் சீமைக்கருவேலம். ஏரி உள்வாயில், வாய்க்கால் கரையில், மலட்டாற்றுப் படுகையில் அது நிற்காத இடம் உண்டா? அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். இப்போது வெட்டினால் கரிமூட்டத்துக்குப் போகிறது. அயல் செடிகளை அகற்றத் தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையே வகுத்தது. முதுமலையில் மண்டிய சென்னா என்னும் அயல் மரத்தை வெட்டிக் கரூர் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். சீமைக்கருவேலத்தின் கோணல் கட்டையில் ஒரு நரி படுத்திருக்கிறது, ஓர் எருமை கொம்பைச் சாய்த்து நிற்கிறது. பார்க்கும் கண் வேண்டும், செதுக்கும் கை வேண்டும். இரண்டும் நம் தச்சுத் தெருக்களில் இருக்கின்றன.

விலங்குக்குப் பஞ்சமா? நம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மரக்காணம், வானூர் வட்டங்களில் கழுவேலி கிடக்கிறது. 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட சதுப்பு நிலம். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் அது சேர்ந்தது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறவைகள் அங்கே வந்து இறங்குகின்றன. பூநாரை வருகிறது, கரண்டிவாயன் வருகிறது, அரிவாள் மூக்கன் வருகிறது. மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டு எரவாணத்தில் தேய்ந்துபோன அரிவாள் ஒன்று செருகிக் கிடக்குமே! கைப்பிடி கழன்ற கரண்டி கிடக்குமே! சைக்கிள் கடை வாசலில் வளைந்த ஸ்போக் கம்பிகள் கிடக்குமே! அரிவாள் மூக்கனின் அலகுக்கும், கரண்டிவாயனின் வாய்க்கும், பூநாரையின் நெடுங்காலுக்கும் இதைவிட ஏற்ற சாமான் எந்தக் கடையில் கிடைக்கும்?

ஆகவே இந்த அவையிடம் ஒரு விண்ணப்பம். ஆசிரியர்களே, நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் ஒரு நாள் பிள்ளைகளைக் கழுவேலிக்கு அழைத்துப் போங்கள். கையில் நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். பறவை எப்படி நிற்கிறது, எந்தக் காலை மடக்குகிறது, தண்ணீரில் அலகை எப்படி ஓட்டுகிறது என்று முதலில் பார்க்கட்டும், வரையட்டும். அதன் பிறகு காயலான் கடைக்குப் போகட்டும். அய்யங்கோவில்பட்டுக் கைவினைஞர் ஒருவரையும், தச்சர் ஒருவரையும், வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவரையும் பள்ளிக்கு அழைத்துப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். அந்த நாளுக்குரிய கூலியைக் கொடுங்கள், பொன்னாடையோடு அனுப்பிவிடாதீர்கள். செய்து முடித்ததைப் பள்ளி வளாகத்தில் ஊர் பார்க்க வையுங்கள், யாரும் தொட்டுப் பார்க்கலாம் என்று எழுதி வையுங்கள். வணிகப் பெருமக்களே, அவற்றை விலை கொடுத்து வாங்கி உங்கள் கடை வாசலில் வையுங்கள். சடையப்பரின் ஊரில் இந்த உதவியைக் கேட்க யாரும் தயங்க வேண்டியதில்லை.

இந்தக் குளிர்காலப் பறவைகள் வரும்போது முதல் பேருந்து இந்த ஊரிலிருந்து கழுவேலிக்குப் புறப்படட்டும். அந்தப் பேருந்தில் தின்பண்டத்தைத் துணிப்பையில் எடுத்து வாருங்கள்.